நாகலக்ஷ்மிக்கு விசேஷம்

மாதுங்காவில் ஒரு பெண்பிள்ளை காரணமில்லாமல் நடந்தால் பார்க்கிறவர்களுக்குப் பொறுக்காது. கோயிலுக்குப் போகலாம், காய்கறி வாங்கப் போகலாம். நாகலக்ஷ்மி கையில் பையும் இல்லாமல் குடலையும் இல்லாமல், கணவனுடைய கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, விடிந்தும் விடியாததுமாக ஃபைவ் கார்டன் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எதிரே வந்த மாமிகள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. கணவன் பஞ்சுவுக்கு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. அவன் அம்மா தைலாம்பாள் பாலக்காட்டைச் சுற்றியுள்ள தெய்வங்களுக்கெல்லாம் நேர்ந்துகொண்டு ஓய்ந்துவிட்டாள். கடைசியில் போய்ப் பார்த்த லேடி டாக்டர் நாகலக்ஷ்மியை எடை மெஷினில் ஏற்றி இறக்கிவிட்டு, முதலில் உடம்பு குறையட்டும், பிறகு குழந்தையைப் பற்றிப் பேசலாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். ராத்திரி சோறு கூடாது, நெய் கூடாது, தினமும் நடக்க வேண்டும், நடந்து வந்து குனிந்து நிமிர வேண்டும். உடம்பு இறங்கும்போது மாதாந்திர நாள் முன்னே பின்னே போகும், அதைப் பெரிதுபண்ணாதே என்றும் சொல்லி அனுப்பினாள்.

குழந்தைக்காகக் கிணற்றில் குதி என்றாலும் குதித்திருப்பாள். நடப்பதுதானே என்று நினைத்தாள். கிணற்றில் ஒரு தடவை குதித்தால் போதும், இதுவோ தினம் தினம் என்பது பிறகுதான் உறைத்தது.

உடம்பு இளைக்கத்தான் செய்தது. ஆனால் அவள் கேட்ட இடத்தில் இளைக்கவில்லை. முதலில் கன்னம் ஒட்டியது. பிறகு ரவிக்கை தொளதொளத்தது, மேல்கைச் சதை தொங்கியது, சீப்பில் முடி கொத்தாக வந்தது. வயிறு மட்டும் அப்படியே இருந்தது. பாதிச் சுற்று வருவதற்குள் விலாவில் பிடித்துக்கொள்ளும். முழுச் சுற்று முடிந்தால் கண் இருட்டும். வீட்டுக்கு வந்து மூன்று மாடி ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து நிமிர்ந்து, பஞ்சு ரயிலுக்கு ஓடுவதற்குள் சமைத்துக் கட்டிக் கொடுக்க வேண்டும். மத்தியானம் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தால் நாலு சுற்றுக்கு ஒருதரம் குழவியை விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள். இத்தனைக்கும் அந்த வீட்டில் ஒருவரும் அவளைக் கொஞ்சம் படுத்துக்கொள் என்று சொன்னதில்லை. விடியற்காலையில் ஊரைச் சுற்றுகிறவளுக்குத் தெம்புக்கு என்ன குறைச்சல்?

ஒருநாள் கார்டன் பெஞ்சில் தலைசுற்றி உட்கார்ந்தவள், குடித்த காப்பியை அப்படியே வாந்தியெடுத்தாள். பக்கத்து ஃப்ளாட் மங்களம் பார்த்துவிட்டாள். கைத்தாங்கலாக மாடியேற்றிக் கொண்டுவந்து, தைலாம்பாளைத் தனியே அழைத்தாள்.

"மாமி, ஏதோ விசேஷம்னு தோண்றது."

கல்யாணத்தையும் விசேஷம் என்கிறோம், பண்டிகையையும் விசேஷம் என்கிறோம். ஆனால் கல்யாணமான பெண் வாந்தியெடுத்தால் அதற்கு மேல் விசேஷம் கிடையாது. தைலாம்பாள் உள்ளே வந்தாள்.

"நாள் தள்ளியிருக்காடி?"

"ஆமாம்மா. கொஞ்சம் தள்ளித்தான் போயிருக்கு."

டாக்டர் சொன்னது நாகலக்ஷ்மிக்கு ஞாபகம் இருந்தது. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தைலாம்பாள் பாயை விரித்துவிட்டாள். "நீ அசங்கப்படாது. நடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். படுத்துக்கோ." எத்தனையோ மாதமாக இந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கிய உடம்பு, பாயைக் கண்டதும் சரிந்துவிட்டது. சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு ராஜ உபசாரம்தான். பாலில் குங்குமப்பூ, ரசஞ்சாதத்தில் நெய். பஞ்சு ஆபீஸிலிருந்து வரும்போது ஆரஞ்சு வாங்கி வந்தான். தைலாம்பாளே மாவாட்டினாள். படுத்தபடி அதைப் பார்க்க நாகலக்ஷ்மிக்குக் கூச்சமாக இருந்தது, சுகமாகவும் இருந்தது. நாள் போகப் போக, டாக்டர் சொன்னதுதான் தப்போ, இது நிஜந்தானோ என்று அவளே நம்ப ஆரம்பித்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தூங்கினாள்.

ஒரு காலையில் பால்கனிக்குப் போய் நின்றவள் உள்ளே வரவில்லை. அந்த வீட்டில் மாதவிலக்காகித் தூரமான பெண் மூன்று நாள் இருக்கவேண்டிய இடம் அது. தைலாம்பாள் காப்பியோடு வந்தாள், பார்த்தாள், டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். பஞ்சு தலையைக் குனிந்தபடி ஆபீஸுக்குக் கிளம்பினான்.

மத்தியானம் தைலாம்பாள் திரும்பி வந்தாள். மடி ஆசாரத்தில் ஒரு நூல் பிசகாதவள், தூரமானவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாகலக்ஷ்மி பதறிப்போய் விலகினாள்.

"அம்மா, மேல பட்டுடும்."

"பட்டா என்ன, குளிச்சாப் போறது." நாகலக்ஷ்மியின் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆடுசதையைப் பிடித்துவிட்டாள். "எப்படி இருந்த காலுடி, இப்படியா ஆயிடுத்து? போறும். இனிமே நீ நடக்க வேண்டாம்."

அதட்டலாகச் சொல்லியிருந்தால் நாகலக்ஷ்மி தாங்கியிருப்பாள். இவ்வளவு இதமாகச் சொன்னதால்தான், மாமியார் பேரக்குழந்தை என்ற ஆசையையே விட்டுவிட்டாள் என்பது புரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

"இல்லேம்மா. குளிச்ச மறுநாள்லேந்து கார்டனுக்குப் போறேன்" என்றாள்.

சொல்லும்போதே அவளுக்குக் களைப்பாக இருந்தது.