நிலாவுக்குள் தலைமையாசிரியர்

தலைமையாசிரியர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள் என்பது, கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குப் பழைய செய்தி. படிக்காமலே ஃபார்வர்டும் செய்வார்கள் என்பதை ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில், தலைமையாசிரியரும் இருக்கும் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பௌர்ணமியன்று ஒரு படம் வந்தது. மலைக்கு மேல் நிலா, நிலாவுக்குள் தலைமையாசிரியரின் முகம். கீழே சின்ன எழுத்தில், 'இன்னிக்கும் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு.' செய்தவள் வேங்கிக்காலில் எங்கள் தெரு ஆட்டோக்காரரின் மகள். அந்தப் பள்ளி ஸ்மார்ட் போர்டுக்குத் தைத்த உறையை யாரும் இன்னும் கழற்றவில்லை. வகுப்பில் தொழில்நுட்பம் வேண்டும் என்ற சுற்றறிக்கைகளை அங்கே மதித்தது அவள் ஒருத்திதான்.

தினமும் விடிந்ததும் எல்லாக் குழுக்களுக்கும் வாழ்த்து அனுப்பாவிட்டால் தலைமையாசிரியருக்குக் காபி இறங்காது. கண்ணாடி போடாமல் பார்த்தவருக்கு மலை தெரிந்தது, நிலா தெரிந்தது. கிரிவல வாழ்த்து என்று மாவட்டத் தலைமையாசிரியர்கள் குழுவுக்கும் மேலதிகாரிக்கும் தட்டிவிட்டார். மேலதிகாரி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அதைப் பாராட்டு என்று எண்ணி மாலைவரை நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவரிடம், யாரோ படத்தைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டார்கள்.

மறுநாள் ஆட்டோக்காரர் என் வாசலில் நின்றார். "டி.சி. வாங்கிக்கினு போங்கன்றாரு சார். பரீட்சை வருது. பொண்ணு சோறு துன்னல."

கிளம்பினேன்.

"இது டிசிப்ளின் மேட்டர் சார். நீங்க ரிட்டயர்டு" என்றார் தலைமையாசிரியர். உட்காரச் சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

"நான்தாங்க ரிட்டயர்டு. ரூல் இன்னும் சர்வீஸ்லதான் இருக்குது. பரீட்சைக்குப் பேர் அனுப்பின பொண்ணை, அப்பா எழுதிக் கேக்காம எப்படி அனுப்புவீங்க?"

"எழுதி வாங்குவேன்."

"வாங்குங்க. அப்புறம் மேல ஒரு அறிக்கை போவணும். படம் மேலதிகாரிக்கு யார் கையால போச்சுன்னு முதல் பத்தியிலயே வரணும். டிராஃப்ட் நான் போட்டுத் தரட்டுமா?"

மின்விசிறி சுற்றியும் அவருக்கு வியர்த்தது. அந்த வியர்வையை நான் ரசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"சரி, பொண்ணு இங்கயே இருக்கட்டும். ஆனா அசெம்பிளியில எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும்" என்றார். அதைத் தடுக்க என்னிடம் விதி இல்லை.

மறுநாள் காலை அவளுடைய அப்பாவோடு நானும் கேட் அருகே நின்றேன். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"ஐயா, மன்னிச்சுடுங்க. நான் எங்க கிளாஸ் குரூப்புக்கு மட்டும்தான் போட்டேன். மத்த குரூப்புக்கெல்லாம் நான் அனுப்பலங்க ஐயா."

முதல் சிரிப்பு ஆசிரியர்கள் வரிசையிலிருந்து வந்தது. பிறகு மைதானமே சிரித்தது. தலைமையாசிரியர் மைக்கைப் பிடுங்கி ஆஃப் செய்தார்.

"மறுபடியும் கேக்கச் சொல்வாரா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"சொல்லட்டும். பொண்ணு மறுபடியும் இதையேதான் சொல்லும்."

தலைமையாசிரியர் மறுபடி கேட்கச் சொல்லவில்லை. வரிசை கலைந்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு பத்தாம் வகுப்புக்குள் போனாள்.