கீழே வைக்காத கத்தி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ராயபுரம் ஸ்டானிஸ்லாஸுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. தன் மடக்குக் கத்திகளை ரசிக்க இன்னொரு ஆள் வேண்டும். எல்லாம் கப்பல்காரர்களிடம் ஒவ்வொன்றாய் வாங்கிய இங்கிலாந்து ஷெஃபீல்டு சரக்கு. மனைவி ஃப்ளோராவோ, "வெங்காயம் அரியக்கூட உதவாத கத்தி" என்று எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மிஞ்சியவர் சிநேகிதர் கோதண்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சிநேகம் அறுந்துவிடும் என்பதால், இருப்பதிலேயே உசத்தியான மான்கொம்புப் பிடிக் கத்தியைப் பாயில் வைத்தார். கோதண்டம் எடுத்துப் பார்த்தார். கத்தி திறந்திருந்தது.

"இதுல இன்னா கீது மாமு?"

"மூடிப் பாரு. சத்தத்தைக் கேளு."

மூடினார். 'டக்'. அதைக் கேட்டு ஹார்பரில் ஊதும் சங்கே ஒரு கணம் வாயடைத்துப் போனதாக ஸ்டானிஸ்லாஸ் பிற்பாடு சொல்வார். கோதண்டம் மறுபடி திறந்தார், மூடினார். விளக்கு வைத்த பிறகும் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சரி நைனா, கீழ வை."

"வெச்சா நீ எடுத்துக்குவ."

கையிலிருந்து வாங்கினால் சிநேகம் போகும், வாங்காவிட்டால் கத்தி போகும். ஸ்டானிஸ்லாஸ் யோசித்து முடிப்பதற்குள் கோதண்டம் கத்தியோடு வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் கோதண்டம் தன் மகள் கல்யாணத்தில்கூட கத்தி இல்லாத ஒற்றைக் கையால்தான் அட்சதை போட்டார். ஸ்டானிஸ்லாஸ் ஞாயிறுதோறும் போய் எதிரில் உட்கார்ந்து, கத்தி எப்போது கீழே இறங்கும் என்று பார்த்துக்கொண்டே கத்திகளைப் பற்றிப் பேசினார். கடைசிவரை இருவருக்கும் ஒரு சண்டைகூட வரவில்லை.

"நான் அப்பவே சொல்லல?" என்றாள் ஃப்ளோரா. "உங்க கத்தி எதையும் வெட்டாதுன்னு."