அவர் குரலுக்கு ஒரு சப்வூஃபர்

என் கணவர் இறந்த பிறகு வீட்டுக்குள் வந்த முதல் புதுப் பொருள் ஒரு சப்வூஃபர். வல்லத்திராக்கோட்டையில் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதற்காக என்னை மென்று தின்றார்கள். புருஷன் போய் ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் இவளுக்கு ஹோம் தியேட்டர் கேட்கிறதாம். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ஊர் வாய்க்குப் பூட்டா போட முடியும்?

எனக்குச் சினிமாப் பைத்தியமெல்லாம் கிடையாது. அவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். லீவுக்கு வந்தபோது வாங்கி வந்த டிவியும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும் ஹாலில் இருக்கின்றன. அடுத்த லீவுக்கு, அடிச்சத்தத்தை அதிர அதிரக் கொடுக்கும் ஒரு சப்வூஃபர் வாங்கிவிட்டால் நம் வீடே தியேட்டர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே மாரடைப்பு வந்து, திருச்சி ஏர்போர்ட்டுக்குப் பெட்டியில்தான் வந்து சேர்ந்தார்.

மிச்சம் இருப்பது அவர் வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசி அனுப்பிய குரல் செய்திகள். அவருக்குக் கனத்த குரல். கட்டிலில் படுத்துக்கொண்டு பேசினால் பக்கத்தில் படுத்திருப்பவளுக்கும் அதிரும். போனில் அந்தக் குரல் கொசு மாதிரி வந்தது. போனைச் சொம்புக்குள் போட்டுக் கேட்பேன். எங்கள் பக்கம் வெளிநாட்டுக்காரர் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான், சத்தம் கூடும். ஆனால் மனுஷக் குரல் பாத்திரக் குரலாகிவிடும்.

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒரு வினை வந்தது. என் மனசுக்குள் இருந்த குரலும் மெல்ல மெல்லச் சொம்புக் குரலாக மாறிக்கொண்டிருந்தது. கனவில்கூட அவர் அப்படித்தான் பேசினார். அன்றைக்குத்தான் பயந்துபோனேன். ஆள் போனது போதாதென்று குரலும் போகிறது, எப்படியாவது பிடித்து நிறுத்த வேண்டும் என்று தவித்தேன்.

புதுக்கோட்டைக் கடைக்கு என் கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் அண்ணனோடு ஒரே ரூமில் தங்கி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்.

"எந்த மாதிரிப் படம் பாப்பீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"படமெல்லாம் இல்லைங்க. ஒருத்தர் பேசுறதக் கேக்கணும்."

கடைக்காரர் என் கொழுந்தனாரைப் பார்த்தார். கொழுந்தனார் ஃபேனைப் பார்த்தார்.

"பேச்சுக்கு சின்ன ஸ்பீக்கரே போதுங்க. ரெக்கார்டுல இல்லாத சத்தத்த இது எங்கிட்டிருந்து கொண்டாரும்?"

"இருக்கா இல்லையான்னு போட்டுப் பாத்தாத்தானே தெரியும்?" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன்.

எங்கள் கையில் இருந்த பணத்துக்கு இரண்டுதான் தேறின. ஒன்று பத்து இன்ச், சுற்றிலும் நீல விளக்கு மின்னும். இன்னொன்று எட்டு இன்ச், அலங்காரமே இல்லாத கறுப்பு மரப்பெட்டி. இரண்டுக்கும் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருந்தது, தனியாக வாங்க வேண்டியதில்லை. கடைக்காரர் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். பத்து இன்ச்சில் கடைக் கண்ணாடியெல்லாம் ஆடியது. செய்தி வாசிப்பதைப் போடுங்கள் என்றேன். கிறுக்குப் பிடித்தவளோ என்று பார்த்துவிட்டுப் போட்டார். பத்து இன்ச்சில் செய்தி வாசிப்பவர் நெல் குதிருக்குள் உட்கார்ந்து பேசினார். எட்டு இன்ச்சில் அவர் எதிரே உட்கார்ந்து பேசினார்.

"பத்தே எடுங்க மதினி, லைட்டு எரியுதுல்ல" என்றார் கொழுந்தனார். திருவிழாவுக்கா வாங்குகிறோம் என்று எட்டு இன்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் முதலில் மூலையில் வைத்தோம். அங்கே டிவிச் சத்தம் ஒரேயடியாக முழங்கியது. டிவிக்குப் பக்கத்தில் நகர்த்தியதும் அடங்கியது. கொழுந்தனார் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தார். பைக்கிலிருந்து மிக்ஸி வரைக்கும் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் எதுவும் ஓடாது. பெட்டியில் வைப்பதற்குப் பதில், மனுஷன் ஸ்பீக்கர் காகிதத்திலேயே ஈரச் சந்தனத்தை அப்பிவிட்டார். திட்டிக்கொண்டே துடைத்தேன்.

போனை இணைத்து ஒரு செய்தியைப் போட்டேன்.

"என்ன புள்ள, சாப்ட்டியா? நான் நல்லா இருக்கேன். ரூமு நல்ல அமைதியா இருக்கு. படுத்தா கண்ணு சொக்கிருது, விடிஞ்சுதான் முழிக்கிறேன்."

கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. முழுக் குரலும் வரவில்லை, ஆனால் அடிக்கனம் கொஞ்சம் வந்துவிட்டது. என் கணவர் ஹாலில் இருந்தார்.

கூடவே வேறொன்றும் இருந்தது. அவர் பேச்சுக்கு அடியில், நிற்காமல், ஒரு உறுமல். வயர் கோளாறு என்று நினைத்துச் செய்தியை நிறுத்தினேன். உறுமலும் நின்றது. இன்னொரு வெள்ளிக்கிழமையைப் போட்டேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அது வந்துவிட்டது. இத்தனை நாள் போனிலும் சொம்பிலும் கேட்காத சத்தம்.

"என்ன சத்தம் தம்பி இது?"

கொழுந்தனார் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஜெனரேட்டர் மதினி. எங்க ரூமு செவுத்துக்கு அங்கிட்டு. ராவும் பகலும் ஓடும். அண்ணன் கட்டிலு செவுத்த ஒட்டி. நான் மாறிப் படுக்குறேன்னு சொன்னேன், கேக்கல. பாதி ராத்திரி எந்திரிச்சு உக்காந்திருப்பாரு. ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மாலை போட்டிருந்த அவர் படத்தைப் பார்த்து, "இப்படியா பொய் சொல்லுவீங்க?" என்று கத்தினேன். தெருவில் போன பெண் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

கொழுந்தனார் பெட்டியின் பின்பக்கத் திருகில் கையை வைத்தார். "இதக் கொறச்சுட்டா அது கேக்காது மதினி. அண்ணன் பேச்சு மட்டும் கேக்கும்."

"தொடாதீங்க தம்பி."

திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் முதுகில் வாங்கிய அதிர்வு என் கைக்குள் ஓடியது. வரிசையாக எல்லா வெள்ளிக்கிழமைகளையும் போட்டுக் கேட்டேன். எல்லாவற்றிலும் அவர் நன்றாகத் தூங்குவதாகத்தான் சொல்லியிருந்தார்.