மாமியின் வடாமும் என் கந்தகத் துகளும்

வானத்தின் மேலடுக்கில் கந்தகத் துகள்களைத் தூவி வெயிலைத் தணித்தால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் வேலை.

இன்று மயிலாப்பூரில் எங்கள் மொட்டை மாடியில் ஒரே மப்பு. பக்கத்து ஃபிளாட் மாமி பிழிந்த வடாம் ஈரமாகவே கிடந்தது.

"இது நீ தூவினதாடா?"

"கம்ப்யூட்டர்லதான் தூவறேன், மாமி."

"அப்போ ரெண்டு நாள் நிறுத்தி வையேன்."

விளக்கித் தொலைத்தேன்.

"நிஜமாவே தூவிட்டுத் திடீர்னு நிறுத்தினா, அதுவரைக்கும் தணிஞ்சிருந்த சூடு மொத்தமா ஏறிடும். அதான் பயமே."

மாமி முகம் மலர்ந்தது.

"பேஷ்! ஒரே நாள்ல காஞ்சுடும்!"

அந்த ஆபத்தைப் பற்றித்தான் வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதியதற்கு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வேறு யார் வீட்டிலாவது வடாம் காயாமல் கிடக்கிறதா?