கட்டில் இல்லாத அறை

ஃபொண்டூ சட்டியின் அடியில் கருகி ஒட்டிய சீஸுக்கு ஒரு வாசனை உண்டு. சட்டி கழுவியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் தெரிந்திருக்கும்... எண்பதுகளின் நடுவில் என் சட்டை, தலைமுடி, தலையணை எல்லாவற்றிலும் அந்த வாசனைதான்.

இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல். சமையல் நடக்கும் குசினி நிலத்துக்குக் கீழே. உலகமெல்லாம் இருந்து சனம் ஊருக்கு மேலே நிற்கும் பனிமலையைப் பார்க்க வரும். எங்கள் யன்னலில் தெரிந்தது அந்தச் சனத்தின் கால்கள் மட்டும்தான்.

சட்டி கழுவ இரண்டு பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்த நான். சீசன் வேலைக்கு வந்த போர்த்துக்கல்காரன் மனுவேல். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் உடைந்த ஜெர்மன். அதிலும் அவன் உடைத்த இடம் வேறு, நான் உடைத்த இடம் வேறு.

ஒருநாள் யன்னலுக்கு வெளியே ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து நடந்து போனது.

"என்ன வடிவான சப்பாத்து" என்று வாய்க்குள் சொன்னேன்.

மனுவேல் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினான். "சபாத்து? நீ இப்ப சபாத்து எண்டோ சொன்னனீ?"

அவர்கள் பாஷையிலும் அதுதானாம்.

அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. நான் கதிரை என்பேன், அவன் கடெய்ரா என்பான். மேசைக்கு மேசா. யன்னலுக்கு ஜனேலா. கை துடைக்கும் துவாய்க்குத் துவால்யா. நாங்கள் நின்ற குசினியே அவனுக்குக் குசின்யா. எல்லாம் நானூறு வருசத்துக்கு முன் கப்பலில் வந்து எங்கள் ஊரைப் பிடித்தவர்கள் விட்டுப்போன சாமான்கள்... நானோ அதுவரை எல்லாம் சுத்தத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கட ஆக்கள் என்ன, பெர்மிட் எடுத்தோ எங்கட ஊருக்கு வந்தவை?" என்று கேட்டேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

மனுவேலுக்கு ஓர் ஆசை இருந்தது. அவன் நாட்டில் மெர்த்தோலா என்று ஆற்றங்கரையில் ஓர் அமைதியான சின்ன ஊர். அங்கே மாமியார் வீட்டு மேல்மாடியில் நாலு அறை போட்டு, மனைவியோடு கெஸ்ட்ஹவுஸ் நடத்த வேண்டும். முதல் விருந்தாளி நான்தானாம்.

"நவம்பரில ஹோட்டல் பூட்டுத்தானே. எப்ப வாறாய்?"

எனக்கு அந்தக் கேள்வி புதிது. அந்த நாட்களில் அகதி ஒஃபீஸிலும் சரி, பஸ்ஸிலும் சரி, என்னிடம் கேட்டதெல்லாம் ஏன் வந்தாய் என்றுதான். எப்ப வாறாய் என்று கேட்டவன் இவன் ஒருவன்.

சட்டி கழுவிக்கொண்டே என் அறையை வாயாலேயே ஆயத்தம் செய்தோம். ஆற்றைப் பார்த்தபடி யன்னல். அதன் கீழே மேசை, கதிரை. மூலையில் அலுமாரி. காலையில் பாண். பின்னேரம் குடிக்கத் தவறணை... அதுவும் அவனிடம் தவேர்னாவாக இருந்தது.

படுக்க? "கட்டில்" என்றேன். மனுவேல் முழித்தான். அவர்களுக்கு அது காமா. இழுத்தும் பார்த்தோம், நீட்டியும் பார்த்தோம், ஒட்டவில்லை.

"எல்லாம் தந்தனீங்கள், கட்டில் மட்டும் தரேல்லையே."

"உங்கட ஆக்கள் எங்களைப் படுக்க விடேல்லைப் போல" என்றான் மனுவேல்.

அன்றிலிருந்து அது கட்டில் இல்லாத அறை. கோடை முழுவதும் அதைச் சொல்லியே சிரித்தோம்.

இன்னொரு பகிடியும் இருந்தது. வேலை முடிந்து போகும்போது நான் "இஹ் கொம்ம" என்பேன். எங்கள் 'வாறன்' என்பதை அப்படியே ஜெர்மனில் போட்டுவிடுவேன். போகிறவன் வருகிறேன் என்கிறானே என்று மனுவேலுக்குச் சிரிப்பு.

ஆனால் மெர்த்தோலா போவதுதான் நடக்காத காரியம். வழக்கு முடியாமல் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மனுவேலோ சீசன் முடிந்தும் வெளிக்கிடாவிட்டால் பிடித்து அனுப்பிவிடுவார்கள்.

"உன்னைப் போக விடுகினமில்லை, என்னை இருக்க விடுகினமில்லை" என்று தலையில் கை வைத்தான்.

நவம்பரில் அவனை ரயில் ஏற்றிவிட்டேன். அடுத்த சீசனுக்கு அவன் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம், குசினிச் சுவரில் போன் அடித்தது. செஃப் எரிச்சலோடு என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அதற்குள்ளே மனுவேலின் குரல், ஒரே ஒரு தமிழ்ச் சொல்.

"கட்டில்... கட்டில்..."

வாங்கிவிட்டான். அறை ஆயத்தம். பிறகு எங்கள் உடைந்த ஜெர்மனில் கேட்டான்:

"எப்ப வாறாய்?"

என் வழக்கு அப்போதும் முடியவில்லை. செஃப் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இஹ் கொம்ம" என்றேன்.

மனுவேல் சிரிப்பது கேட்டது. லைன் அறுந்தது. வரப்போகிறேன் என்று எடுத்தானா, போகும்போது சொல்லும் அந்த வாறன் என்று எடுத்தானா... இன்றுவரை தெரியாது.

இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போட் பல வருசம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் நான் பீல் நகரத்துக்கு மாறி, வாட்ச் ஃபக்டரி, கலியாணம், பிள்ளைகள் என்று ஓடிவிட்டேன். அந்த ஹோட்டலும் கை மாறிவிட்டது. அவனுடைய நம்பர் என்னிடம் இருந்ததேயில்லை.

போன கிழமை மகள் லீவுக்குப் போர்த்துக்கல் போவோம் என்றாள். மெர்த்தோலா என்றேன். அவள் போனில் தட்ட, ஆறு வந்தது, வெள்ளை வீடுகள் வந்தன, சின்னதாக ஒரு கெஸ்ட்ஹவுஸும் வந்தது. மனுவேலின் வீடா, தெரியாது. அவன் இருக்கிறானா என்பதும் தெரியாது.

அறை பதியும் அந்த ஆப் முதலில் கேட்டது, எந்தத் திகதி வருகிறீர்கள் என்று. அன்றைக்கு அதைக் கேட்க ஒரு மனிதன் இருந்தான், எனக்குப் போக வழியில்லை. இன்றைக்கு எங்கேயும் போகலாம், போன்தான் கேட்கிறது. சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது.

"படத்தில கட்டில் இருக்கோ எண்டு பார்" என்றேன்.

மகள் சிரித்தாள். "என்னப்பா, கட்டில் இல்லாமல் ஆரும் ரூம் குடுப்பினமோ?"

"ஒருத்தன் தந்தவன், பிள்ளை."