கொழும்பு சேர்வருக்குள் என் பெட்டி

கொழும்புப் பத்திரிகை ஒன்றின் பதுளை நிருபரான எனக்கு அலுவலகமாக இருந்தது ஒரு ஹார்ட்வெயார் கடையின் மாடி அறை. மழைக்காலத்தில் புதுக் கயிறும் டர்பன்டைனும் ஈரச் சுவரும் கலந்து மணக்கும். இரண்டாயிரத்தின் தொடக்கம். ஒரு மேசை, ஒரு கம்பியூட்டர், ஒரே டெலிபோன் லைன், நான்.

அதற்கு முன் செய்தியை டெலிபோனில் வாசித்துக் கொடுப்பேன். கொழும்பில் எழுதிக்கொள்பவர் நடுவில் நிறுத்தி, "அங்க மழையா? சத்தம் கேக்குதே" என்பார். பிறகு எஃப்.டி.பி. வந்தது. செய்தியையும் படத்தையும் ஃபைலாகக் கொழும்பு சேர்வரில் போட்டுவிட வேண்டும். மழையைப் பற்றிக் கேட்க ஆளில்லை...

ஒரு குறை இருந்தது. போட்ட ஃபைல்களின் பட்டியலைக் கேட்டால் ஒன்றும் வராது. வெறும் திரை. அதன் கீழே, முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஃபைல் அனுப்பினாலும் அதே வரிதான். எதை நம்புவது?

ஒரு மழை வாரத்தில் கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருந்தது. கொழுந்து பறிக்கும் மாரியாயி வெடிப்புக்குள் முழங்கை வரை கைவிட்டுக் காட்டினார். படமெடுத்து, பதுளைக்கு வந்து கழுவி, ஸ்கேன் செய்து அனுப்பினேன். மண் சரியும் என்ற பயத்தில் குடும்பங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. திங்கட்கிழமை லயத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லியிருந்தார். ஞாயிறு பத்திரிகையில் வந்தால்தான் உண்டு.

சனிக்கிழமை காலை, டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து மாரியாயி பேசினார்.

"படம் போச்சுங்களா ஐயா?"

"அனுப்பிட்டேம்மா."

"அனுப்புனது சரிங்க. போய்ச் சேந்துச்சா? நாங்க சொன்னா தொரை காதுல ஏறாது. பேப்பர் சொன்னாதான் ஏறும்."

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுக் கொழும்புக்கு எடுத்தேன்.

ஆசிரியபீட லைன் ஓயாமல் எங்கேஜ். கம்பியூட்டர் பகுதிக்கு எடுத்தேன். அங்கே சிவநேசன் என்று ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர். பட்டியல் வராததைச் சொன்னேன்.

"அண்ணை, நான்தான் உங்களை ஒரு பெட்டிக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறன். நிருபர்மார் எல்லாருக்கும் அப்பிடித்தான். சேர்வரில வேற இடத்துக்குப் போகேலாது."

"பெட்டிக்குள்ள இருக்கிறதையாவது பாக்கலாமே தம்பி?"

"அதைக் காட்டுறதுக்கு எல்.எஸ். எண்டொரு புரோகிராம் இருக்கு. அது பெட்டிக்கு வெளியில கிடக்கு. உள்ளுக்கு ஒரு கொப்பி வைக்கோணும்."

"ஏன் இவ்வளவு நாளா வைக்கல?"

"ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணை. நீங்கள்தான் முதல் ஆள்."

பேசிய அதே லைனில்தான் மோடமும் ஓட வேண்டும். அவர் கொப்பியைப் போட்டதும், ரிசீவரை வைத்துவிட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வெறுமை. மறுபடி பேசினேன். "அட, அது ஓடத் தேவையான லைப்ரரி ஃபைலுகளை மறந்துபோனன்" என்று சிரித்தார். அவற்றையும் உள்ளே வைத்த பிறகு, முதன்முறையாகத் திரை நிறைந்தது.

கடைசி வரியில் கொஸ்லந்தைப் படம். ஃபைல் குறையாமல், முழு அளவில்.

அதற்கு மேலே, மாதக்கணக்கில் நான் அனுப்பியவை... வெலிமடை லீக்ஸ் விலை, பண்டாரவளை பஸ் தரிப்பிடம், தோட்டத்துப் பள்ளியின் ஆசிரியர் பற்றாக்குறை. எத்தனையோ. மறுபடி பேசி, இவையெல்லாம் ஏன் இன்னும் இருக்கின்றன என்று சிவநேசனிடம் கேட்டேன்.

"ஆசிரியபீடம் எடுத்தால் அழிச்சுப்போடுவினம் அண்ணை. கிடக்கிறது எல்லாம்... எடுக்காதது."

"அப்போ கொஸ்லந்தை?"

"லைன்லயே நில்லுங்கோ. ஒருக்கா மேல ஆசிரியபீடத்துக்குப் போட்டு வாறன்."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். படியேறும் செருப்புச் சத்தம். பிறகு யாரோ சிரித்தார்கள், ஒரு நாற்காலி இழுபட்டது. என் அலுவலகத்தின் மற்ற மனிதர்களை அன்றுதான் அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லைனை வைச்சிட்டு இப்ப பாருங்கோ அண்ணை."

பார்த்தேன். மற்றவை அப்படியே இருந்தன. கொஸ்லந்தை மட்டும் இல்லை.

மாரியாயி மறுபடி பேசியபோது, "எடுத்துட்டாங்கம்மா" என்றேன். மறுநாள் உள்பக்கத்தில் அவர் கையும் வெடிப்பும் வந்தன. திங்கட்கிழமை யாரும் அவர்களை லயத்துக்கு அனுப்பவில்லை. அதிகாரிகள் வந்து மலையைப் பார்க்கும்வரை பள்ளிக்கூடத்திலேயே இருக்கலாம் என்றார்களாம்.

இப்போதும் எப்போதாவது பத்திரிகைக்கு எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நொடியில் இரண்டு நீலக் குறிகள். பார்த்துவிட்டார்கள். எடுப்பார்களா என்று கேட்கலாம்தான்... ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் பெயர் எனக்குத் தெரியாது.