சாக்கடை நுரையின் நிறம்

பனியன் கம்பெனியில் எனக்கு டிசைனர் வேலை. குழந்தைகளின் டீ-சர்ட்டுக்குக் கரடி, முயல், வானவில் வரைவேன். எல்லாம் சிரிக்க வேண்டும். சிரிக்காத கரடியை, ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் திருப்பி அனுப்பிவிடுவார். பதினோரு வருடம் இப்படிச் சிரிக்க வைத்ததில், கரடியைப் பார்த்தாலே எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. அதனால்தான் போன வருடம் அக்ரிலிக் வாங்கி, செல்போனில் வீடியோ பார்த்து, எக்ஸ்பிரஷனிச பாணியில் இரவு நேரத் தெரு வரையக் கற்றுக்கொண்டேன். கண்ணில் படுவதை அப்படியே வரையாதே, அது உன் மனதை என்ன செய்கிறதோ அதற்கு நிறம் கொடு, கோடு வளைந்தால் வளையட்டும் என்றார் வீடியோக்காரர்.

வீரபாண்டிப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் தெருவைத்தான் முதலில் வரைந்தேன். கருநீல வானம், சாய்ந்த வீடுகள், ஈரத் தரையில் நீண்டு கிடக்கும் மஞ்சள் விளக்கொளி. போட்டோ எடுத்துப் போய் ஆபீசில் காட்டினேன். மேனேஜர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சூப்பருங்க மேடம்! ஃபாரின் தெரு மாதிரியே இருக்குதுங்க. அடுத்த சீசனுக்கு இதையே பிரிண்ட் போட்டுரலாமுங்க."

எனக்குக் கூசியது. அது மழை ஈரமில்லை. சாக்கடை பொங்கி வழிந்த ஈரம். அதையும் மினுமினுக்க வைத்திருந்தேன்.

அன்று வேலை முடிந்து எட்டு மணிக்குத் தெருமுனையில் நின்றேன். வழக்கமாகத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவேன். அன்று பொத்தவில்லை. இருட்டியதும் யாரோ திறந்துவிட்ட சாயத்தண்ணீர் சாக்கடையில் நுரைத்துக்கொண்டிருந்தது. ஊறிப்போன வேஸ்ட் துணி, செத்த பெருச்சாளி ஒன்றைச் சுற்றிக் கிடந்தது. இரண்டடி தள்ளி பானிபூரி வண்டி. ஷிஃப்ட் முடிந்தவர்கள் தின்றுவிட்டுத் தட்டைச் சாக்கடைக்குள் எறிந்தார்கள். நானும் அங்கே தின்று எறிந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அதே படத்தின்மேல் வரைந்தேன். பிரஷ் சரிப்படவில்லை. பழைய ஐ.டி. கார்டால் பெயிண்டை வழித்து அப்பினேன். நுரையின் நிறம்தான் சிக்கவே இல்லை. கத்திரிப்பூ நிறத்தில் சாம்பல் கலந்தால் அழகாகிவிட்டது. கொஞ்சம் அழுக்குப் பச்சை சேர்த்ததும் வந்தது. அதை வீட்டுக் கதவுகள் வரை ஏற்றினேன். மனிதர்களுக்கு முகம் வேண்டாமென்று வாயை மட்டும் போட்டேன். விளக்குகளுக்குச் சீழின் மஞ்சள்.

சாப்பாட்டுத் தட்டோடு வந்த என் கணவர் நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, என்ன கருமம் இது? சோறே எறங்க மாட்டீங்குது."

"நம்ம தெருங்க."

"தெரியுது. அதான் எறங்கல." தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் இஸ்திரிப்பெட்டி கேட்டு வந்தாள். பீகாரிலிருந்து வந்து தையல் செக்‌ஷனில் வேலை செய்பவள். படத்தைப் பார்த்ததும், "அரே, அப்னீ கலி! நம்ம தெரு!" என்று மூக்கைச் சுளித்தாள். பிறகு கிட்டே போய், சாக்கடையை ஒட்டியிருந்த வீட்டில் விரலை வைத்தாள்.

"அக்கா, இது எங்க ரூம். ஜன்னல் ஏன் தொறந்து இருக்கு? நாங்க தொறக்கறதே இல்ல. நாத்தம். உள்ள ஏழு பேர், ரொம்ப சூடு. ஆனா தொறக்க மாட்டோம்."

ஒரு ஜன்னலிலாவது வெளிச்சம் இருக்கட்டும் என்று நான்தான் அதைத் திறந்து வைத்திருந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பை எடுத்து அதை மூடினேன்.

"இப்போ சரி," என்றாள்.